நவீன ஓவியம் எதையெல்லாம் கைவிட்டது?

கேள்வி இதுதான்: “இம்ப்ரஷனிசம், கியூபிசம், டாடாயிசம், சர்ரியலிசம், பாப் ஆர்ட் என்று எங்கே போனாலும் பெயர்கள் வருகின்றன. எல்லாவற்றையும் நவீன ஓவியம் என்கிறார்கள். இவற்றுக்குள் என்ன தொடர்பு? தத்ரூபமாக வரையத் தெரிந்தவர்களே ஏன் அதை விட்டுவிட்டுப் போனார்கள்? எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?”

பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது. அவற்றில் சில, பத்திரிகைக்காரர்கள் கிண்டலுக்காகச் சூட்டியவை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: ஓவியம் என்றால் இது இருந்தே ஆகவேண்டும் என்று அதுவரை எல்லோரும் நம்பிய எதை இவர்கள் கைவிட்டார்கள், கைவிட்டதால் என்ன கிடைத்தது? இப்படிப் பார்த்தால் 1860களிலிருந்து 1970கள் வரை நடந்தது பெரும்பாலும் ஒரே தொடர்கதை என்று தெரியும். சில இயக்கங்கள் இதற்குள் அடங்காது. அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், கைவிடுவதற்கு முன்னால் என்ன இருந்தது? 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஒரு ஓவியர் பிழைக்க வேண்டுமென்றால் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான ‘சலோன்’ அவரை ஏற்க வேண்டும். புராணமோ சரித்திரமோ வரைந்தால் மதிப்பு அதிகம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நிறம் படிப்படியாக ஏறவேண்டும், கித்தானின் மேல் தூரிகைத் தடம் தெரியக் கூடாது. 1863இல் நடுவர்கள் ஏராளமான படங்களைத் தள்ளிவிட, எழுந்த கூச்சலில் மூன்றாம் நெப்போலியனே தள்ளப்பட்டவற்றுக்குத் தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். எடுவார் மானே, உடையணிந்த இரண்டு ஆண்களோடு ஒரு நிர்வாணப் பெண் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் படத்தை அங்கேதான் வைத்தார். ஜனங்கள் நிர்வாணத்துக்காகக் கோபப்பட்டார்கள். ஓவியர்களின் கண் வேறிடத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் உடலில் நடுச்சாயல்களே கிட்டத்தட்ட இல்லை. உடல் தட்டையாக, நேரே விளக்கு அடித்தது போல இருந்தது. நிழலும் வெளிச்சமும் படிப்படியாகச் சேர்த்து உடலை உருண்டையாகக் காட்டும் பாடத்தை மானே வேண்டுமென்றே விட்டிருந்தார்.

அப்புறம் ஒரு சின்னக் கருவி பெரிய வேலை செய்தது. அதுவரை குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்கினால் திரும்ப மூட முடியாது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மூடி போட்ட தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். வெளியே உட்கார்ந்து வரைந்தால் வெளிச்சம் காத்திருக்காது, வேகமாக வைக்க வேண்டும். வேகமாக வைத்தால் தடம் தெரியத்தான் செய்யும். அந்தத் தடத்தை அழித்து மெழுகாமல் அப்படியே விட்டதுதான் இம்ப்ரஷனிசம். 1874 ஏப்ரலில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, டெகா, பெர்த் மொரிஸோ உள்ளிட்ட 30 பேர் சலோனை ஒதுக்கிவிட்டுத் தாங்களாகவே கண்காட்சி வைத்தார்கள். லூயி லெருவா என்ற விமர்சகர் மோனேயின் படத்தலைப்பிலிருந்து ‘இம்ப்ரஷன்’ என்ற சொல்லை எடுத்துக் கேலி செய்தார். அதுவே பெயராக நிலைத்தது.

அந்தப் படம், லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பது. போனில் திறந்து, முதலில் வண்ணத்தில் பாருங்கள். சாம்பல் நீல மூட்டத்துக்குள் ஆரஞ்சுச் சூரியன் துடிப்பது போலிருக்கும். அப்புறம் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்! சுற்றியுள்ள வானமும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் வரையப்பட்டிருக்கின்றன. வித்தியாசம் நிறத்தில் மட்டும். பழைய பள்ளியில் படித்தவர் சூரியனை வானத்தைவிடப் பிரகாசமாகத்தான் வைத்திருப்பார். வெளிச்சத்தைக் காட்ட வெளுப்பும் கறுப்பும் தேவையில்லை, நிறமே போதும் என்று மோனே கண்டுகொண்டார். ‘அவசரக் கோலம்’ என்று அன்றைக்குத் திட்டினார்களே, அந்தப் படத்துக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

அடுத்த தலைமுறை இங்கிருந்து பல பக்கம் பிரிந்தது. செரா நிறத்தைப் புள்ளியாக்கினார். வான்கோவும் கோகெனும் நிறத்தை உணர்ச்சியின் பக்கம் திருப்பினார்கள். என்னைக் கேட்டால் இவர்கள் எல்லோரையும்விட ஆழமாகத் தோண்டியவர் செசான். அவரை நிதானமாகப் பார்க்காமல் 20ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்தால் பாதி விளங்காது.

சிகாகோ அருங்காட்சியகத்தில் அவருடைய ‘ஆப்பிள் கூடை’ இருக்கிறது. 1893 வாக்கில் வரைந்தது. ஒரு மேஜை, கசங்கிய வெள்ளைத் துணி, ஆப்பிள்கள், ஒரு பாட்டில், தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகள். மேஜையின் முன்விளிம்பை இடப்பக்கத்திலிருந்து கண்ணால் பிடித்துக்கொண்டு வாருங்கள். துணிக்குள் போகிற விளிம்பும் வலப்பக்கம் துணிக்கு வெளியே வருகிற விளிம்பும் ஒரே கோட்டில் சேராது. பாட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்கட் அடுக்கில் கீழே உள்ளவை பக்கவாட்டிலிருந்தும் மேலே உள்ளவை மேலிருந்தும் பார்த்தவை போலத் தெரியும். செசானுக்கு வரையத் தெரியவில்லை என்று அந்தக் காலத்தில் பேசியவர்கள் உண்டு. ஆனால் நாம் ஒரு மேஜையை எப்படிப் பார்க்கிறோம்? தலை அசைகிறது, கண் அலைகிறது, இரண்டு நிமிஷத்தில் பத்து இடத்திலிருந்து பார்த்து முடிக்கிறோம். மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து ஐரோப்பிய ஓவியம் ஒற்றைக் கண்ணை ஓர் இடத்தில் ஆணியடித்து நிறுத்தி அதற்கு ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று பெயர் வைத்திருந்தது. செசான் அந்த ஆணியைப் பிடுங்கினார். அதனால் படம் சிதறிப் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம். கொஞ்ச நேரம் பார்த்தால் அந்த ஆப்பிள்களுக்கு வேறெந்தப் படத்திலும் இல்லாத கனம் வந்துவிடுகிறது.

1905இல் மத்தீஸும் நண்பர்களும் பொருளுக்கு அதன் சொந்த நிறம்தான் இருக்க வேண்டும் என்பதை விட்டார்கள். தொப்பி அணிந்த மனைவியின் முகத்தில் மத்தீஸ் பச்சையும் ஊதாவும் போட்டார். லூயி வோசெல் என்ற விமர்சகர் இவர்களை ‘ஃபோவ்’, அதாவது காட்டு விலங்குகள் என்றார். அதே வருடம் ட்ரெஸ்டனில் கிர்ஷ்னர் முதலிய கட்டடக்கலை மாணவர்கள் ஒரு குழு தொடங்கினார்கள். ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் அங்கிருந்து வளர்ந்தது. இவர்களுடைய படங்களைத்தான் நாஜிகள் 1937இல் ம்யூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று தொங்கவிட்டு இழிவுபடுத்தினார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது தனிக் கதை.

செசான் தொடங்கியதை எல்லைவரை கொண்டுபோனவர்கள் பிக்காசோவும் பிராக்கும். பிக்காசோ 1907இல் வரைந்த ‘அவின்யோன் பெண்கள்’ படத்தில், பாரிஸின் த்ரோகதேரோ அருங்காட்சியகத்தில் பார்த்த ஆப்பிரிக்க முகமூடிகளின் தாக்கம் வலப்பக்கத்து இரண்டு முகங்களில் அப்பட்டமாகத் தெரியும். பிரான்ஸ் தன் காலனிகளிலிருந்து அள்ளி வந்து, செய்தவர்களின் பெயர்கூட எழுதாமல் குவித்து வைத்திருந்த பொருள்கள் அவை. நவீன ஓவியத்தின் பிறப்பைப் பேசும்போது இந்தக் கடனைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. அதன்பின் 1908 முதல் 1914 வரை இருவரும் பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் பிரித்துத் தட்டையாக அடுக்கினார்கள். இதுதான் கியூபிசம்.

ஆனால் கியூபிசத்தில் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்துவது 1912இல் பிக்காசோ செய்த ஒரு சின்ன முட்டை வடிவப் படம். உயரம் 30 சென்டிமீட்டர்கூட இல்லை. பிரம்பு பின்னிய நாற்காலியின் இருக்கை அதில் இருக்கிறது. ஆனால் அதை அவர் வரையவில்லை. பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியை வெட்டி ஒட்டினார். சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் நிஜக் கயிற்றைக் கட்டினார். இப்போது அந்தப் பிரம்பு நிஜமா? நிஜப் பொருள்தான் ஒட்டியிருக்கிறது, ஆனால் அதுவே ஒரு போலி அச்சு. பக்கத்தில் தூரிகையால் வரைந்த கண்ணாடிக் குவளை அதைவிடப் பொய்யா, மெய்யா? ஓவியத்தில் உள்ளதையெல்லாம் ஓவியர் கையாலேயே தீட்டியிருக்க வேண்டும் என்பது இங்கே போய்விட்டது. துண்டுகளை ஒட்டிப் படம் செய்யும் கொலாஜ் இங்கிருந்து வந்தது. ஐந்து வருடம் கழித்து நியூயார்க்கில் நடக்கப்போவதற்கும் கதவு திறந்தது.

அதற்கு முன் அரூபம், அதாவது எந்தப் பொருளையும் காட்டாத ஓவியம். காண்டின்ஸ்கி 1896இல் மாஸ்கோவில் மோனேயின் வைக்கோற்போர் படம் ஒன்றைப் பார்த்தார். என்ன படம் என்றே அவருக்குப் புரியவில்லை, கேட்லாகைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆனாலும் படம் மனதை விட்டு அகலவில்லை. படத்தில் இருப்பது என்ன பொருள் என்று தெரியாமலேயே ஓவியம் வேலை செய்கிறது என்றால் அந்தப் பொருள் எதற்கு? 1910களில் காண்டின்ஸ்கி, மாலெவிச், மோந்த்ரியான் என்று பலர் வெவ்வேறு ஊர்களில் இருந்து பொருளையே கைவிடும் முடிவுக்கு வந்தார்கள். இதில் நம் ஊருக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மோந்த்ரியான் 1909இல் பிரம்மஞான சபையில் உறுப்பினரானார். அதன் உலகத் தலைமையகம் 1882 முதல் அடையாறில் இருக்கிறது. அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு என்று வண்ணப் படங்களோடு எழுதிய புத்தகத்தை காண்டின்ஸ்கி படித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற உலகத்தின் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் இந்த ஓவியர்கள் இவ்வளவு தூரம் துணிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அரூப ஓவியத்தை வெறும் வடிவ விளையாட்டாகச் சொல்லும் பாடநூல்கள் இதை மறைத்துவிடுகின்றன.

அந்தப் பாடநூல்கள் மறைத்த இன்னொருவர் ஹில்மா ஆஃப் க்ளிண்ட். ஸ்டாக்ஹோம் அகாதெமியில் முறையாகப் படித்த ஸ்வீடன் ஓவியர், பிரம்மஞானத்தில் ஈடுபாடு கொண்டவர். 1906இலேயே அரூபமாக வரையத் தொடங்கிவிட்டார். 1907இல் செய்த பத்துப் படங்கள் ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். இறந்து 20 வருடம் ஆகும்வரை இவற்றை வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் காலமானார். 1986இல்தான் வெளியுலகம் பார்த்தது. 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்கு 6 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ‘அரூபத்தை முதலில் செய்தவர் காண்டின்ஸ்கி’ என்று இன்னும் எழுதுகிற புத்தகத்தைப் பார்த்தால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே படியுங்கள்.

மாலெவிச் 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் கறுப்புச் சதுரத்தைக் காட்டினார். அதைச் சுவரின் நடுவில் மாட்டவில்லை. ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கிற கூரையோர மூலையில் மாட்டினார். அங்கே வந்தவர்களுக்கு அது என்ன செய்கை என்று உடனே புரிந்திருக்கும். இன்று அந்தக் கறுப்பு முழுக்க வெடித்து, இடுக்குகளில் அடியிலுள்ள வண்ணங்கள் தெரிகின்றன. மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் அருங்காட்சியகம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கீழே வேறு இரண்டு வண்ணப் படங்கள் இருந்தன. ‘இதை என் குழந்தைகூட வரையும்’ என்று சொல்லப்படும் படங்களில் இதற்கே முதலிடம். வரைந்துவிடும்தான். வண்ணத்தில் இரண்டு படம் போட்டுப் பார்த்து, இரண்டையும் மூடி, எல்லாவற்றையும் விட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்று தேடிப் போனவரின் இடத்தில்தான் குழந்தை இல்லை.

இனி அந்த நியூயார்க் விவகாரம். 1917இல் அங்கே ஒரு கலைஞர் சங்கம், 6 டாலர் கட்டும் யாருடைய படைப்பையும் காட்டுவோம், நடுவரே கிடையாது என்று அறிவித்தது. மார்செல் துஷாம்ப் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர். கடையில் விற்கும் ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டியைக் கிடத்தி வைத்து ‘ஆர். மட்’ என்று கையெழுத்துப் போட்டு, வேறொருவர் அனுப்பியது போல அனுப்பினார். எல்லாவற்றையும் காட்டுவோம் என்றவர்கள் அதைக் காட்டவில்லை. துஷாம்ப் குழுவிலிருந்து விலகினார். அசல் தொட்டி தொலைந்துபோனது. ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படமும், பின்னாளில் செய்த பிரதிகளும்தான் இப்போது இருக்கின்றன. கலைஞரின் கைத்திறன் என்பதையே துஷாம்ப் இங்கே விட்டுவிட்டார். மிச்சமிருப்பது தேர்வு. ‘இதைக் கலை என்று பார்’ என்று சொல்கிற முடிவு. இது பிடிக்கவில்லை என்பவர்களை நான் மதிக்கிறேன். இது நடக்காதது போல யாரும் அதற்குப் பிறகு சிற்பம் செய்ய முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய வருடம், முதல் உலகப்போர் நடுவே சூரிச்சில் தொடங்கிய, கலையையே கேலி செய்த டாடாயிசத்துக்கும் இப்படியொரு மறுப்பு இருந்தது. அதன் பின்னால் இருந்த கோபம் இது: அறிவும் பண்பாடும் மிக்கதாகச் சொல்லிக்கொண்ட ஐரோப்பா பதுங்குகுழியில் லட்சக்கணக்கான இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் பண்பாட்டின் அழகு யாருக்கு வேண்டும்?

சர்ரியலிசம் என் கேள்விக்குள் சரியாக அடங்காத இயக்கம். 1924இல் ஆந்த்ரே ப்ரெத்தோன் அறிக்கை வெளியிட்டபோது கைவிடச் சொன்னது அறிவின் கட்டுப்பாட்டை. ஆனால் டாலியும் மாக்ரித்தும் வரைந்த முறை சலோன் நடுவர்களே மெச்சும் அளவுக்கு வழவழப்பானது. டாலியின் உருகும் கடிகாரங்கள் உள்ள படம் ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரியது, 24க்கு 33 சென்டிமீட்டர். போஸ்டரில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

ஹிட்லருக்குத் தப்பி ஓவியர்கள் அமெரிக்கா போனதும் மையம் நியூயார்க்குக்கு மாறியது. ஜாக்சன் போலாக் 1947 முதல் கித்தானைத் தரையில் விரித்து, வீட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைக் குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் சொட்டவிட்டார். தூரிகை கித்தானைத் தொடவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘இலையுதிர் தாளம்’ 5 மீட்டருக்கு மேல் நீளம். அதில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 1952இல் ஹெலன் ஃப்ராங்கெந்தாலர் பூச்சே பூசாத கித்தானில் நீர்த்த வண்ணத்தை ஊறவிட்டார். வண்ணம் துணியின் மேல் உட்காராமல் துணியாகவே ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த வருடம் ராபர்ட் ரௌஷன்பெர்க் ஒரு காரியம் செய்தார். புகழின் உச்சியிலிருந்த வில்லெம் டி கூனிங்கிடம் போய், உங்கள் கோட்டோவியம் ஒன்றைக் கொடுங்கள், அழிக்க வேண்டும் என்று கேட்டார். டி கூனிங்குக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். அழிக்கக் கஷ்டமான ஒன்றாகத் தேடிக் கொடுத்தார். ரப்பரால் தேய்த்து அழிக்க வாரக்கணக்கில் ஆனது. அந்தத் தாள் இன்று சான் பிரான்சிஸ்கோவில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நெருங்கிப் பார்த்தால் கோடுகளின் நிழல் இன்னும் தெரியும்.

பாப் ஆர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயர்ந்த கலைக்கும் கடைச்சரக்குக்கும் நடுவிலிருந்த சுவரை அது விட்டது. வார்ஹோல் 1962இல் லாஸ் ஏஞ்சலிஸில் காட்டிய 32 சூப் டப்பாப் படங்கள், அன்று விற்ற ஒவ்வொரு ருசிக்கும் ஒன்று. எல்லாவற்றையும் வெறும் எளிய வடிவமாகக் குறைத்துவிடும் மினிமலிசம் அதைவிடக் கடினம். கார்ல் ஆந்த்ரே 1966இல் 120 செங்கற்களை இரண்டு அடுக்காகத் தரையில் வைத்தார். அதை வாங்கியதற்காக லண்டன் டேட் அருங்காட்சியகம் 1976இல் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கடைசியில் சோல் லெவிட் கலைப்பொருளையே விட்டார். 1968இல் சுவரில் வரையத் தொடங்கியவர், பின்னர் எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் குறிப்பு மட்டும். சுவரில் வரைபவர்கள் மற்றவர்கள். ராகத்தையும் சாகித்தியத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனவரின் கிருதியை வேறொருவர் பாடுவது போல, அவர் 2007இல் இறந்த பிறகும் புதிய சுவர்களில் அவருடைய ஓவியங்கள் வரையப்படுகின்றன.

இதற்கு மேல் கைவிட என்ன இருக்கிறது? அதனால்தான் 1970களுக்குப் பிறகு ‘இயக்கம்’ என்ற வரிசை உடைகிறது. கேள்வியும் மாறுகிறது: இதுவரை யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள்? பெண் கலைஞர்கள் அதைச் சத்தமாகக் கேட்டார்கள். ஜூடி சிகாகோவின் ‘விருந்து மேஜை’ 1979இல் வந்தது, 39 பெண்களுக்கு இலை போட்ட முக்கோண மேஜை. கைவிட்டவையும் திரும்பி வந்தன, ஆனால் பழைய அர்த்தத்தில் வரவில்லை. கெர்ஹார்ட் ரிக்டர் 1965இல் குடும்ப ஆல்பத்திலிருந்து ஒரு புகைப்படத்தை அப்படியே வரைந்தார். நாஜிப் படைச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் அவருடைய மாமா ரூடி. வண்ணம் ஈரமாக இருக்கும்போதே படம் முழுவதையும் இழுத்து மங்கலாக்கினார். அதே வருடம் சித்தி மரியானையும் வரைந்தார். மனநோயாளி என்று நாஜி ஆட்சி கொன்ற பெண் அவர். ஒரே வீட்டு ஆல்பத்தில் இருவரும். ரூடியின் படம், நாஜிகள் 1942இல் தரைமட்டமாக்கிய செக் கிராமமான லிடீட்சேயின் நினைவுத் தொகுப்புக்குப் போனது. தத்ரூபமாக வரைவது இங்கே திறமை காட்டுவதற்காக இல்லை. பார்க்கக் கூச்சப்படுகிற ஒன்றை, தெளிவாகப் பார்க்கவும் விடாமல், கண்ணை எடுக்கவும் விடாமல் வைத்திருப்பதற்காக.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கண்ட தொகுப்பையெல்லாம் புரட்டாமல் ஒரே ஆளைப் பிடியுங்கள்: மோந்த்ரியான். நெதர்லாந்தின் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த மரங்கள் வரிசையாக இருக்கின்றன. 1908–10இன் சிவப்பு மரம், 1911இன் சாம்பல் மரம், 1912இன் பூத்த ஆப்பிள் மரம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் நிறம் போகிறது, அப்புறம் அடிமரத்தின் கனம், கடைசியில் கிளைகளுக்கு நடுவிலுள்ள வெளி கிளைகளுக்குச் சமமாக வந்து உட்காருகிறது. அவசரப்படாமல் ஒவ்வொன்றிலும் என்ன போயிருக்கிறது, என்ன வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அப்புறம் அவருடைய கட்டங்களுக்குப் போங்கள். எங்கே தடுக்கினாலும் எழுதுங்கள், அந்தப் படத்தை மட்டும் எடுத்துவைத்துப் பேசலாம்.